மிதந்த விதையும் அமிழ்ந்த விதையும்

பண்டாரவளைக்கும் கொஸ்லாந்தைக்கும் இடையே உயர்ந்து நிற்கும் மலைகளிலே பூனாகலை அமைந்துள்ளது. அத்தகைய மலைச்சரிவுகளில் அந்நாளில் நடப்பெற்ற தேயிலைக்கு முதற்சோதனை நடத்தியது யாது? ஒரு தொட்டித் தண்ணீரே.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கத் தொடங்கவே, பிறரும் தேயிலையை நாடினர். ஊவா மலைகளும் பசுமை மாறாத தேயிலைத் தோட்டங்களாயின. பூனாகலைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தைத் தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கினார்.

அக்காலத்தில் தேயிலைக் கன்றுகள் விதையிலிருந்தே வளர்க்கப்பட்டன. தேயிலை விதையோ விரைவில் உலர்ந்து உயிரிழக்கும் இயல்பினது. ஓடு பழுதின்றித் தோன்றினும், உள்ளே பருப்பு வற்றியிருத்தல் கூடும். அத்தகைய விதையை நம்பினால் நாற்றுமேடை வெறுமையாகும். நடவுப் பருவமும் வீணாகும். ஆதலின் விதைகளை முதலில் நீரில் இட்டனர். அமிழ்ந்தவற்றை விதைப்புக்கு எடுத்தனர், மிதந்தவற்றை ஒதுக்கினர்.

இதன் காரணத்தைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே சிராக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் எடுத்துரைத்தார். நீரில் இட்ட பொருள் ஓரளவு நீரை விலக்குகிறது. விலகிய நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையுடன் நீர் அப்பொருளை மேலே உந்துகிறது. தன் பருமனுள்ள நீரினும் கனமான பொருள் அமிழும். இலேசான பொருள் மிதக்கும். சிறிய இரும்பாணி அமிழ, பெரிய இலவங்கட்டை மிதப்பது இதனாலன்றோ? மரமேயாயினும் கருங்காலி அமிழும். இரும்பினாலாய கப்பலோ, தன்னுள்ளே காற்றுக்கு மிகுந்த இடம் கொண்டிருத்தலால் மிதக்கும். வற்றிய விதையின் நிலையும் அதுவே. ஓட்டின் பருமன் குறைவதில்லை. பருப்புச் சுருங்கிய இடத்தைக் காற்று நிரப்புகிறது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின், கிளைத்துண்டுகளிலிருந்து கன்றுகளை உண்டாக்கும் முறை பரவியது. விதைத் தொட்டியின் தேவை குறைந்தது. எனினும், மலையை வளமாக்கிய பழைய செடிகளுக்குப் பின்னே, ஆர்க்கிமிடீஸின் பெயரையும் அறியாது உழைத்த தொழிலாளரின் கைகள் இருந்தன. அம்மக்களின் வழித்தோன்றல்களுள் மிகப் பலர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குடியுரிமையின்றி நின்றனர். விதையின் உயிரை ஒரு தொட்டி நீர் சில மணி நேரத்தில் உணர்த்திற்று. அதை ஊன்றியவர்களின் உரிமையை நாடு உணர்வதற்கோ பல பத்தாண்டுகள் சென்றன.