காஞ்சியில் நடு எழுத்தை எடுத்தால்...

குறுக்கெழுத்துப் புதிரை நிரப்புபவர்கள் ஏராளம். அதை வீட்டில் உட்கார்ந்து சொந்தமாக உருவாக்குபவர்கள் மிகக் குறைவு. கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ரப்பர், ஒரு அகராதி. இவ்வளவுதான் முதலீடு. இது முழுக்க முழுக்க மேல்நாட்டுப் பொழுதுபோக்கு என்பது பலரின் எண்ணம். கட்டம் அங்கிருந்து வந்தது உண்மைதான். ஆனால் விடையை ஒளித்துவைத்துக் குறிப்பு எழுதும் கலை காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல.

கட்டம் பிறந்த கதை

லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஆர்தர் வின் என்ற பத்திரிகையாளர், 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வைர வடிவத்தில் ஒரு புதிரை வெளியிட்டார். அவர் வைத்த பெயர் 'வேர்ட் கிராஸ்'. சில வாரங்களில் அது முன்பின்னாக மாறி 'கிராஸ்வேர்ட்' ஆனது. 1924-ல் முதல் குறுக்கெழுத்துப் புத்தகம் வந்தது. சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் வெளியிட்ட முதல் புத்தகமும் அதுதான். இங்கிலாந்தில் இதற்கு இன்னொரு முகம் கிடைத்தது. குறிப்பின் ஒரு பாதி விடையின் பொருளைச் சொல்லும். மறு பாதி அந்தச் சொல்லை உடைத்தோ, கூட்டியோ, குறைத்தோ, ஒளித்தோ காட்டும்.

தண்டியின் புதிர்

கி.பி. 700 வாக்கில் பல்லவர்களின் காஞ்சியில் வாழ்ந்தவர் தண்டி. வடமொழியில் 'காவ்யாதர்சம்' என்ற அணி இலக்கண நூலை எழுதியவர். அதன் மூன்றாம் பகுதியில் பிரகேளிகை எனப்படும் புதிர்களுக்குத் தனி இடம் கொடுக்கிறார். நண்பர்கள் கூடி விளையாடவும், கூட்டத்தின் நடுவே ரகசியம் பேசவும், மற்றவர்களைக் குழப்பவும் இவை பயன்படும் என்கிறார். பதினாறு வகைகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டும் தருகிறார்.

அவற்றில் ஒன்று எழுத்தை எண்ணும் வகை. நடுவில் மூக்கொலி, சுற்றிலும் நான்கு வர்ணம் கொண்ட ஒரு நகரம் உண்டு; அதன் அரசர்களின் பெயருக்கு எட்டு வர்ணம். நகரம் எது? அரசர் யார்?

வர்ணம் என்றால் சாதிப் பிரிவு என்று படிப்பவர் வழி தவறுவார். எழுத்து என்று படித்தால் பூட்டு திறக்கும். காஞ்சீ என்ற வடமொழிச் சொல்லைப் பிரித்தால் க், ஆ, ஞ், ச், ஈ. நடுவில் ஞ், சுற்றிலும் நான்கு. அரசர்கள் பல்லவர்கள். வடமொழிப் பன்மையில் ப், அ, ல், ல், அ, வ், ஆ, கடைசியில் விசர்க்கம் என எட்டு. இன்றைய புதிர்க்காரர் குறிப்பின் முடிவில் அடைப்புக்குறிக்குள் எழுத்து எண்ணிக்கை போடுகிறாரே, அதேதான்!

தமிழில் பன்னிரண்டு வகை

அந்த நூலைத் தழுவிச் சோழர் காலத்தில் எழுந்தது தமிழ்த் தண்டியலங்காரம். அது பன்னிரண்டு சித்திரகவிகளைச் சொல்கிறது. எழுத்து வருத்தனம் என்றால் எழுத்தைக் கூட்டக் கூட்ட வேறு சொல் வருவது. அக்கரச்சுதகம் என்றால் எழுத்தைக் குறைக்கக் குறைக்க வேறு சொல் வருவது. கரந்துறைச் செய்யுள் என்றால் ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருப்பது. சருப்பதோபத்திரம் 64 கட்டங்களில் எழுதப்படுவது; எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் அதே பாட்டு வரும்.

வினாவுத்தரம் என்ற வகைக்குக் காட்டப்படும் பாட்டிலும் காஞ்சிதான் விடை. திருமகள் யார்? திரு. போகச் சொல்பவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்கு வேறு பெயர்? அம்பு. அழகுக்குப் பெயர்? அம். சிவன் விரும்பி உறையும் இடம்? எல்லாவற்றையும் சேர்த்தால் திருவேகம்பம்.

பரிசு செய்த கெடுதல்

20-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் குறுக்கெழுத்து பணப் போட்டியானது. கட்டணம் கட்டி விடை அனுப்ப வேண்டும். 'விவசாயிக்கு வேண்டியது: _டு' என்று ஒரு குறிப்பை வைத்துக்கொள்வோம். மாடு, வீடு, காடு மூன்றும் பொருந்தும். எது சரி என்பதை நடத்துபவர் முன்பே முடிவு செய்து வைத்திருந்தால் அங்கே மொழியறிவுக்கு வேலை இல்லை, அதிர்ஷ்டத்துக்குத்தான் வேலை. 1955-ல் வந்த பரிசுப் போட்டிகள் சட்டம், குறுக்கெழுத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, மாதம் 1000 ரூபாய்க்கு மேல் பரிசு கொடுக்கும் போட்டிகளைத் தடை செய்தது. சட்டம் செல்லும் என்று 1957-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பெருமளவு திறமையால் வெல்லும் போட்டிகளுக்கு அது பொருந்தாது என்றும் விளக்கியது.

தண்டிக்கும் இந்தக் கவலை இருந்திருக்கிறது. முன்னோர் பதினாறு நல்ல புதிர்களோடு பதினான்கு கெட்ட புதிர்களையும் பட்டியலிட்டார்கள் என்கிறார். குற்றங்களுக்குக் கணக்கே இல்லை என்பதால் தாம் நல்லவற்றை மட்டும் சொல்வதாக முடித்துக்கொள்கிறார்.

நோட்டும் பென்சிலும்

பரிசு இல்லாத இடத்தில்தான் நல்ல புதிர் பிழைத்தது. அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் இப்படிச் சொல்லை உடைத்துக் கூட்டும் தமிழ்க் குறுக்கெழுத்துகளைப் போட்டார்.

தமிழில் உருவாக்குவது எளிதல்ல. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, தமிழுக்கு 247. எனவே இரண்டு சொற்கள் ஒரே எழுத்தில் சந்திப்பது அரிது. மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. காஞ்சியை இடமிருந்து வலமாகப் போட்டால், ஞ் உள்ள கட்டத்தில் ஒரு சொல் கீழே தொடங்க முடியாது. ஊஞ்சலோ மஞ்சளோ மேலிருந்து இறங்கி வர வேண்டும். அனுபவசாலிகள் ம், ன், ல், ள் போன்ற சொல்லிறுதிகளில் சந்திப்பை வைத்துத் தப்பிப்பார்கள். கணினியும் அதிகம் கைகொடுக்காது. மூன்று எழுத்துள்ள காஞ்சியை யூனிகோட் ஆறு குறியீடுகளாகப் பார்க்கிறது. தண்டியைப் போலப் பிரித்தால் ஐந்து, தமிழ்க் கட்டத்தில் மூன்று, கணினியில் ஆறு!

கட்டம் முடிந்ததும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. புதிரை வீட்டில் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். குறிப்புக்கு முழுக்கப் பொருந்தும் வேறு விடையை அவர் சொன்னால், தவறு அவருடையது அல்ல, உருவாக்கியவருடையது. குறிப்பை அழித்து எழுத வேண்டியதுதான். பணப் போட்டிக்காரர் மூடிவைத்த உறையில் ஒளிந்துகொள்ளலாம். நோட்டோடு எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

சோதித்துப் பார்க்க ஒரு குறிப்பு: 'நடுவை இழந்தால் கங்கைக் கரைக்குப் போய்விடும் பட்டு நகரம் (3)'. விடை தலைப்பிலேயே இருக்கிறது. ஞ் போனால் காசி.