கடலோரச் சென்னையின் குடிநீர் எல்லைகள்: எண்ணூர் முதல் நெம்மேலி வரை

1. ஆய்வுப் பொருள்

எண்ணூரிலிருந்து நெம்மேலிவரை கடற்கரை ஒன்றுதான். குடிநீருக்குப் பொறுப்பானவர்களோ பலர்: மெட்ரோ வாட்டர் என்று மக்கள் சொல்லும் சென்னைக் குடிநீர் வாரியம், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், ஊராட்சிகள். இவர்களின் வழங்கல் எல்லையைத் தீர்மானித்தது நிலத்தடி நீரின் போக்கும் அல்ல, ஆலையின் அருகாமையும் அல்ல. உள்ளாட்சி எல்லையே என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. சட்டமும் குழாயும்

மாநிலம் முழுமைக்குமான வடிகால் வாரியம் 1971-இல் செயல்படத் தொடங்கியது. சென்னைக்கென்று தனி வாரியம் அமைத்தது 1978-ஆம் ஆண்டுச் சட்டம். அது பெருநகர்ப் பகுதியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது; குழாயோ மாநகராட்சி எல்லையோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. 2011-இல் 42 உள்ளாட்சிகள் இணைந்து மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, உத்தண்டி எல்லாம் வாரியத்தின் பொறுப்பில் வந்தன. எல்லையை ஓர் அரசாணை நகர்த்திவிடும். குழாயைப் பதிக்க ஆண்டுகள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அங்கே பல தெருக்கள் லாரித் தண்ணீரை நம்பியே வாழ்ந்தன.

3. உத்தண்டிக் கோடு

மாநகராட்சியின் மண்டலங்களுக்கு வாரியத்தின் பகுதி அலுவலகங்கள் உண்டு. தெற்குக் கடைசி சோழிங்கநல்லூர் மண்டலம். கடலோரத்தில் அது உத்தண்டியோடு முடிகிறது. அடுத்துள்ள கானத்தூரில் பொறுப்பு ஊராட்சியுடையது. ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய் என்று வேறொரு அமைப்பு தொடங்கிவிடுகிறது.

மண் மாறுவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடுவரை, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே ஒரே மணல்படுகை கிடக்கிறது. மழைநீர் அதில் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. ஓரிடத்தில் அளவு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறும். அந்தக் கேடு உள்ளாட்சிக் கோடு பார்த்து நிற்காது. இதை ஓரளவு உணர்ந்தது 1987-ஆம் ஆண்டு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம். நகரையும் அட்டவணையில் குறித்த சுற்றுக் கிராமங்களையும் அது ஒரே கட்டுக்குள் கொண்டுவந்தது. வழங்கலுக்கு வராத அந்தப் பார்வை இறைப்புக்கு மட்டும் வந்தது.

4. ஆலை ஓரிடம், குழாய் வேறிடம்

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் இம்முரண் வெளிப்படையாகத் தெரிகிறது. மீஞ்சூர் ஆலை (2010) காட்டுப்பள்ளியில். நெம்மேலியின் முதல் ஆலை (2013) கிழக்குக் கடற்கரைச் சாலையில். இரண்டும் மாநகராட்சிக்கு வெளியே உள்ளவை, நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறன் கொண்டவை. 2024-இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை சேர்ந்தது. ஆலைக்கு அருகிலுள்ள சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள் கடலரிப்பைக் காட்டி முறையிட்டவர்கள். பாதிப்பு ஊருக்கும் நீர் நகருக்கும் என்ற பங்கீட்டை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லைக்கு வெளியேயுள்ள உள்ளாட்சிகளுக்கு மொத்தமாக நீர் வழங்கும் ஏற்பாடு வாரியத்துக்குப் புதிதல்ல. பேரூரில் திட்டமிடப்பட்ட 40 கோடி லிட்டர் ஆலையின் பெருங்குழாய் போரூர்வரை செல்ல வேண்டியது. ஆலை நிற்கும் கடலோர ஊராட்சிகளுக்கும் வழியிலுள்ள ஊர்களுக்கும் அதில் கிளைக்குழாய் விடுவதற்குச் சென்னையின் எல்லையை மாற்ற வேண்டியதில்லை. மொத்த வழங்கல் ஒப்பந்தமே போதும்.