முத்துப்பழனி ஏந்திய எழுதுகோல்

படிப்பகத்திலும் இலக்கிய மன்றத்திலும் இளைஞர் சிலர் நம்மைத் தனியே அழைத்துச் சென்று, தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “காமச்சுவை ததும்பும் கதை எழுத ஆசை; எங்கே தொடங்குவது? எழுதினால் ஏசமாட்டார்களா?” ஆண் கேட்டால், அருகிலிருப்போர் சிரிக்கின்றனர். பெண் கேட்டாலோ, முகம் சுளிக்கின்றனர்! அந்தச் சிரிப்புக்கும் இந்தச் சுளிப்புக்கும் உள்ள வேற்றுமையிலே நீண்டதொரு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. அதனைச் சற்றே புரட்டிப் பார்ப்போம், தோழர்களே!

தஞ்சையை மராட்டிய மன்னன் பிரதாபசிம்மன் 1739 முதல் 1763 வரை ஆண்டான். மண் தமிழ் மண், மன்னன் மராட்டியன், அவைக் கவிதைக்கு வாய்த்த மொழியோ தெலுங்கு. அந்த அவையிலே ஆடலும் பாடலும் கற்ற கணிகை முத்துப்பழனி. அவள் தெலுங்கிலும் வடமொழியிலும் தேர்ந்தவள். இல்லறப் பெண்ணுக்கு ஏடு மறுத்த சமுதாயம், கணிகைக்கு மட்டும் அதனை அளித்தது. அவளைப் பொது உடைமையாக்கிவிட்டுத் தந்த கூலி அந்தக் கல்வி! அந்தக் கூலியைக் கருவியாக மாற்றினாள் அவள்.

எப்படித் தொடங்கினாள்? முதலில், தான் யார் என்பதை மறைக்கவில்லை. காவியத்தின் முன்னுரையில், பாட்டி தஞ்சைநாயகி முதலாகப் பெண் வழியே தன் மரபைக் கூறினாள். புலவர்கள் தனக்கு நூல்களைக் காணிக்கையாக்கியதைப் பெருமிதத்தோடு குறித்தாள். அடுத்து, கதைக்காக அலையவில்லை. ஊரறிந்த இராதையையும் கண்ணனையுமே எடுத்துக்கொண்டாள். ஆனால், பார்க்கும் கண்ணை மாற்றினாள். தான் வளர்த்த இளம்பெண் இளாவைக் கண்ணனுக்கு மணமுடித்து வைக்கிறாள் இராதை. மணமகளுக்குக் கலவிப் பாடமும் கற்பிக்கிறாள். பிறகு தன் தனிமையிலே தானே வேகிறாள். அவள் சினத்தைத் தணிக்கக் கண்ணன் கெஞ்சி நிற்கிறான். இதுவே நான்கு பகுதிகளில் 584 பாடல்களாக விரிந்த ‘ராதிகா சாந்த்வனம்’ — இராதையைத் தேற்றுதல். ஆணின் நுகர்பொருளாக வந்துபோகும் பெண் இங்கில்லை. விரும்புகிறவளும் வெகுள்கிறவளும் வேண்டியதைக் கேட்கிறவளும் பெண்ணே.

பெண் காதலை எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. அகப்பாடல் பாடிய வெள்ளிவீதியார் பெண். வள்ளுவர் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரம் ஒதுக்கினார். ஆண்கள் எழுதியவற்றையும் பாருங்கள். ஜெயதேவரின் கீதகோவிந்தத்தைக் கோயிலிலே பாடினார்கள். க்ஷேத்ரய்யர் பெண்ணின் குரலிலே பதம் பாடினார். அதனையும் பக்தி என்றார்கள். ஆண் பெண்வேடமிட்டு விரகம் பாடினால் பக்தி. பெண்ணே தன் விரகத்தைப் பாடினால் ஆபாசம்! இதுவா இலக்கண நீதி?

1887-இல் அந்நூல் அச்சேறியது, பாடல்கள் சில விடுபட்டு. தெலுங்கு நாட்டுச் சீர்திருத்தச் செம்மல் வீரேசலிங்கம் அதனைக் கடுமையாகச் சாடினார்; நூலாசிரியையின் குலத்தையும் குத்திக்காட்டினார். எதிர்ப்பையெல்லாம் தாங்கி 1881-இல் கைம்பெண் மறுமணத்தை நடத்திவைத்த அதே வீரேசலிங்கம்! அவருக்கு நாம் செலுத்தும் மதிப்பில் குறைவில்லை. ஆனால், பெண்ணின் கண்ணீருக்கு இரங்கிய நெஞ்சு, பெண்ணின் வேட்கையைக் கண்டதும் சுருங்கிவிட்டதே! அங்கேதான் சீர்திருத்தம் பேசும் நமக்கும் பாடம் இருக்கிறது.

பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்நூலின் சுவடியைத் தேடிப் பெற்று, விடுபட்ட பாடல்களையும் சேர்த்து, 1910-இல் வாவிள்ள அச்சகத்தார் வாயிலாக வெளியிட்டார். அவரும் கணிகையர் குலத்தில் பிறந்தவரே. நாணம் பெண்ணுக்கு மட்டுந்தான் உரியதோ, ஆணுக்கு இல்லையோ என்ற கருத்துப்படத் தம் முன்னுரையில் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்ன? காவல்துறை! 1911-இல் ஆங்கில அரசு படிகளைக் கைப்பற்றியது. தஞ்சை அவையிலே அரங்கேறிய கவிதை சென்னையிலே குற்றப்பொருள் ஆயிற்று.

ஆயினும் ஏடு அழியவில்லை. பிரகாசம் அவர்களின் முயற்சியால் 1947-இல் தடை நீங்கியது. 1952-இல் நூல் மீண்டும் வந்தது. அதே ஆண்டில் நாகரத்தினம்மாள் மறைந்தார். 2011-இல் முழுநூலும் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பறித்தவர் பெயரைப் பலர் மறந்தனர். பாடியவள் பெயர் நிற்கிறது.

காமச்சுவை எழுதத் துடிக்கும் தோழர்களே, தோழியரே! முத்துப்பழனியிடம் தொடங்குங்கள். மொழியைக் கற்றபின் எழுதுங்கள். தெரிந்த கதையானாலும், இதுவரை பேசவிடாதவரைப் பேசவிடுங்கள். எழுதியவற்றின் கீழே உங்கள் பெயரை இடுங்கள். உடலை விலைப்பொருளாகக் காட்டி வெறியூட்டும் எழுத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அத்தகைய எழுத்தில் பெண்ணுக்கு உடல் உண்டு, உள்ளம் இல்லை. முத்துப்பழனியின் இராதைக்கு இரண்டும் உண்டு.

அடுத்த முறை மன்றத்திலே ஒரு பெண் எழுந்து, “நான் எழுதலாமா?” என்று கேட்பாள். அப்போது சுளிக்கப்போகும் முகங்களிலே நம் முகமும் ஒன்றாக இருக்கலாமா?