மினூஷ்கினும் கீழை அரங்கும்: ஒரு கால வரிசைத் திருத்தம்

அரியான் மினூஷ்கின் 1939இல் பாரிசை ஒட்டிய பூலோன்-பியாங்கூரில் பிறந்தார். தந்தை அலெக்சாந்தர் மினூஷ்கின் திரைப்படத் தயாரிப்பாளர். மாணவர் நாடக இயக்கத்தில் பழகிய நண்பர்களோடு சேர்ந்து 1964 மே மாதம் 'தியேத்ர் து சொலெய்' என்னும் குழுவைக் கூட்டுறவுச் சங்கமாக நிறுவினார். ஊதியம் அனைவருக்கும் சமம். வன்சேன் காட்டில் கைவிடப்பட்டிருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையான கார்த்தூஷரியில் குழு குடியேறியது, பிரெஞ்சுப் புரட்சியைப் பேசும் '1789' நாடகத்தால் பெற்ற புகழ் ஆகியவை அரங்க வரலாற்றில் பலமுறை எழுதப்பட்டவை. இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது வேறொன்று: கீழை அரங்க மரபுகளோடு அவர் கொண்ட உறவு எங்கே தொடங்கியது, எவ்வாறு மாறியது என்பது.

இதைப் பற்றிய விவாதத்தில் இந்திய அரங்க விமர்சகர் ருஸ்தம் பரூச்சாவைத் தவிர்க்க முடியாது. ஆங்கிலேய இயக்குநர் பீட்டர் புரூக் 1985இல் அவிஞோனில் அரங்கேற்றிய 'மகாபாரதம்' மீது அவர் தொடுத்த விமர்சனம், 1990இல் வெளிவந்த 'தியேட்டர் அண்ட் த வேர்ல்ட்' நூல் வழியாகப் பரவியது. இதிகாசத்தை அதன் சமய, சமூக, நிகழ்த்து மரபிலிருந்து பிரித்தெடுத்து மேலை நாட்டுச் சந்தைக்கு ஏற்ற கதையாக்கிவிட்டார் புரூக் என்பது பரூச்சாவின் குற்றச்சாட்டு. கொடுப்பவர் ஒரு பக்கம், எடுப்பவர் மறுபக்கம் என நிற்கும் ஒருவழிப் பரிமாற்றத்தைப் 'பண்பாடுகளின் சந்திப்பு' என்று பெயரிட்டு மறைக்கிறார்கள் என்றும் அவர் வாதிட்டார். புரூக்கைப் பொறுத்தவரை இந்த வாதத்தின் வலு இன்றும் குறையவில்லை. சிக்கல் அதற்குப் பிறகு எழுந்தது. புரூக்குக்காகச் செய்யப்பட்ட அளவுகோலை எடுத்து மினூஷ்கின் மீதும் அப்படியே வைத்தார்கள். பாரிசை மையமாகக் கொண்டவர்கள், ஆசிய வடிவங்களை நாடியவர்கள், 1980களில் உச்சம் கண்டவர்கள் என்ற மூன்று ஒற்றுமைகள் அதற்குப் போதுமானவையாகக் கொள்ளப்பட்டன. அவை போதா.

முதலாவதாக, தொடக்க ஆண்டு. இந்த வாசிப்பு 1981ஐத் தொடக்கமாகக் கொள்கிறது. அவ்வாண்டில் ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' ஜப்பானியக் கபுக்கியை நினைவூட்டும் உடையோடும் ஓட்டத்தோடும் மேடையேறியது. 1982இல் வந்த 'பன்னிரண்டாம் இரவு' இந்தியச் சாயல் பூண்டது. இந்த இரு நாடகங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பரூச்சாவின் தராசு சரியாகவே எடை போடும்: வடிவம் வந்தது, அதன் மண் வரவில்லை. ஆனால் குழு தோன்றுவதற்கு முன்பே, 1960களின் தொடக்கத்தில், மினூஷ்கின் ஆசியாவில் நீண்ட பயணம் மேற்கொண்டிருந்தார். 1975இல் வந்த 'பொற்காலம்' நாடகத்தில் இத்தாலிய முகமூடி நாடகத்தோடு சீன அரங்கின் உத்திகளும் கலந்திருந்தன. பேசுபொருளோ பிரான்சில் கூலி வேலை செய்த வட ஆப்பிரிக்கத் தொழிலாளியின் வாழ்வு. எனவே தொடக்கம் 1963 அளவிலா, 1975இலா, 1981இலா என்பதை ஒரே ஆண்டாகக் குறுக்குவது சரியாகாது. பயணம் பார்வையைத் தந்திருக்கலாம்; உத்தி பின்னர் வந்திருக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது, 1981 திடீர்த் திருப்பம் அல்ல என்பதுதான்.

இதற்கிடையே, கீழை அரங்குக்கு அப்பால், திரைப்படப் பணியும் தொடர்ந்தது. தந்தை தயாரித்த 'ரியோவிலிருந்து வந்த மனிதன்' (1964) படத்தின் திரைக்கதையாசிரியர்களுள் அவரும் ஒருவர். அத்திரைக்கதை ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. '1789' நிகழ்த்தப்பட்டபோதே படமாக்கப்பட்டு 1974இல் வெளிவந்தது. பார்வையாளர் நடுவே நிற்க, சுற்றிலும் மேடைகளில் புரட்சி நடக்கும் அந்த அமைப்பை அப்படம் பதிவு செய்திருக்கிறது. பிலிப் கோபேர் நடித்த 'மோலியேர்' (1978) கான் விழாப் போட்டியில் இடம்பெற்றது. ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவின் வாழ்வே அதன் உயிர். திரைப்படம் அவருக்கு அரங்கைவிட்டு விலகும் வழியாக இருந்ததில்லை.

1985இல் எலென் சிக்சு எழுதிய கம்போடிய மன்னர் சிஹானுக் பற்றிய நாடகம் வந்தது. 1987இல் இந்தியப் பிரிவினையைப் பேசும் 'இந்தியாட்'. முந்தையதன் பிற்கால வரலாறு ஒருவழிப் பரிமாற்றம் என்ற குற்றச்சாட்டை நேரடியாகத் தொடுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் கம்போடியாவின் பத்தம்பாங் நகரத்து இளங்கலைஞர்கள் அந்நாடகத்தைக் கெமர் மொழியில் நடித்தார்கள். 2013இல் அவர்களே கார்த்தூஷரிக்கு வந்து நிகழ்த்தினார்கள். கம்போடியாவிலிருந்து எடுத்தது கம்போடியருக்குத் திரும்பிய இந்த நிகழ்ச்சியைப் புரூக்கோடு மினூஷ்கினைச் சேர்த்துக் கட்டுவோர் கணக்கில் கொள்வதில்லை.

1990 முதல் 1992 வரை நான்கு கிரேக்க நாடகங்கள் 'அத்ரேயர்' என்ற தொடராக வந்தன. ஐஸ்கிலோசின் மூன்று நாடகங்களுக்கு முன்னால் யூரிப்பிடீசின் 'ஔலிசில் இஃபிஜெனியா' வைக்கப்பட்டது. மகளைப் பலி கொடுத்த தந்தையை முதலில் கண்டபின், அவனைக் கொல்லும் கிளித்தெம்னெஸ்திராவைப் பார்வையாளர் வேறு கண்ணோடு பார்ப்பார்கள். கோரஸ் ஆடியது; அதன் உடையிலும் அடவிலும் கதகளியின் சாயல். ழான்-ழாக் லெமெத்ரின் இசை மேடையோரத்தில் நேரடியாக ஒலித்தது. பேச்சு, ஆட்டம், இசை மூன்றும் இப்படிப் பிணைந்த இப்படைப்பு, ஓபரா மாளிகைக்கு வெளியே நிகழ்ந்த ஓபரா என்று சொல்லத்தக்கது. இஃபிஜெனியாவாகவும் எலெக்திராவாகவும் நடித்த நிருபமா நித்யானந்தன் பரதநாட்டியம் பயின்றவர். இந்திய உடலசைவு இங்கே ஒப்பனையாக ஒட்டவைக்கப்பட்டதன்று, நடிகையின் உடலிலேயே இருந்தது.

எனினும் வாதத்தின் அடித்தளம் 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்தில்தான் இருக்கிறது. 2015 இறுதியில், பாரிஸ் தாக்குதல்கள் நடந்த சில வாரங்களில், குழு 'நாடோடிப் பள்ளி' என்னும் தன் பயணப் பயிற்சிப் பட்டறையைப் புதுச்சேரியில் நடத்தியது. நாடகம் 2016 நவம்பரில் கார்த்தூஷரியில் அரங்கேறியது. தென்னிந்திய ஊரொன்றில் பிரெஞ்சு நாடகக் குழு ஒன்று சிக்கிக்கொள்கிறது. இயக்குநர் ஓடிவிடுகிறார். கையில் கதையும் இல்லாமல் துணிவும் இல்லாமல் உதவியாளர் கொர்னேலியா (எலென் சேங்க்) கட்டிலில் படுத்துப் புரள்கிறாள். அவளுடைய இரவுக் கனவுகளுக்குள் காந்தி வருகிறார், செகோவ் வருகிறார், கூடவே தெருக்கூத்தும் வருகிறது. நடிகர்களுக்குக் கூத்துக் கற்றுக் கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான். திரௌபதி துகிலுரிதலும் கர்ணனின் முடிவை ஒட்டிய பகுதியும் தமிழிலேயே பாடி ஆடப்பட்டன.

இங்கே நின்று பார்க்க வேண்டும். 1981இல் கீழை வடிவம் ஷேக்ஸ்பியருக்குச் சேவகம் செய்தது. 2016இல் கூத்து எந்த ஐரோப்பியக் கதைக்கும் சேவகம் செய்யவில்லை. தன் கதையை, தன் மொழியில், தன் அடவோடு சொன்னது. வழி தெரியாமல் தவிப்பவள் ஐரோப்பியப் பெண். என்ன நிகழ்த்துவது என்று தெரியாத இயக்குநரின் கையறுநிலைதான் நாடகத்தின் பேசுபொருள் என்பதால், கூத்து அந்த மேடையில் கற்பிக்கும் இடத்தில் நிற்கிறது. ஆசானுக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, பரம்பரை இருக்கிறது. பெயரற்ற 'கீழை மரபு' என்ற பொதுச்சரக்கிலிருந்து அள்ளியது என்று இதைச் சொல்ல இயலாது.

மறுதரப்பின் நியாயத்தையும் ஒதுக்க முடியாது. கார்த்தூஷரியில் திரௌபதியம்மன் இல்லை, பதினெட்டாம் போர் இல்லை, விடியும் வரை உட்கார்ந்திருக்கும் ஊர் இல்லை. ஓரிரவுக் கூத்து சில நிமிடத் துண்டுகளாயிற்று. புரிசைக் கூத்துக்கு நவீன மேடையோடான உறவு பாரிசில் பிறந்ததும் அன்று, 1977இல் நாடகாசிரியர் ந. முத்துசாமி 'கூத்துப்பட்டறை' என்னும் நாடகக் குழுவைத் தொடங்கியபோதே அந்தக் கொடுக்கல் வாங்கல் சென்னையில் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு விமர்சகர்கள் மினூஷ்கினைத் தெருக்கூத்தைக் கண்டெடுத்தவராகக் காட்டினால் அது பிழை. ஆனால் துண்டாக்கியதும் சிதைத்ததும் ஒன்றல்ல. சென்னை அரங்குகளிலும் கூத்து இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கப்படுகிறது. அதை யாரும் களவு என்பதில்லை. ஆகவே அளவு ஒரு சான்றாகாது. யார் யாரிடம் கற்றார், கற்றதை யார் பெயரில் காட்டினார் என்பதே சான்று. அந்த வகையில் 1981ஐயும் 2016ஐயும் ஒரே தீர்ப்பில் அடக்குவது ஆய்வுமுறைக்கு ஒவ்வாதது.

இந்த மாற்றம் 'அத்ரேயர்' தொடரில் தொடங்கியதா, பாவைக்கூத்துப் பொம்மைகளாக நடிகர்களை ஆட்டுவித்த 'அணைமேல் முரசுகள்' (1999) நாடகத்தில் தொடங்கியதா, 2005இல் காபூலில் நடந்த பயிற்சிப் பட்டறையிலா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. மூன்றாவதற்கே சாய்வு அதிகம். அந்தப் பட்டறையிலிருந்து ஆப்கானியர்களின் 'ஆஃப்தாப்' நாடகக் குழு பிறந்தது; கற்க வருவோரும் கற்பிக்கச் செல்வோரும் இடம் மாறிக்கொள்ளும் வழக்கம் அதன்பின் தெளிவாகத் தெரிகிறது.

2019இல் மினூஷ்கினுக்குக் கியோட்டோ பரிசு வழங்கப்பட்டது. 2021இல் வந்த 'பொன் தீவு' நாடகத்தில் கொர்னேலியா மீண்டும் கட்டிலில் படுத்திருக்கிறாள். இம்முறை அவள் கனவு காணும் நாடு ஜப்பான்.