கண்ணாடியோரம் இருந்த மூளை

2014 அக்டோபரில் டெஸ்லா மாடல் எஸ் கார்களின் முன்பக்கக் கண்ணாடியில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால், ஒரு சின்ன கேமரா இடம்பிடித்தது. பம்பரில் ஒரு ரேடார், காரைச் சுற்றிலும் 12 அல்ட்ராசோனிக் சென்சார்கள். கார் தானாகவே தடத்தைப் பிடித்துப் போகும் என்ற நம்பிக்கையில் வாங்கியவர்கள் ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தார்கள். 2015 அக்டோபரில் இணையம் வழியாக ஒரு புதிய மென்பொருள் வந்து இறங்கிய பிறகுதான் ஸ்டீயரிங் தானாகத் திரும்பத் தொடங்கியது. இயந்திரத்தை முதலில் விற்பது, அறிவைப் பிறகு அனுப்புவது என்ற இந்த வழக்கம் பின்னால் பெரிய வாக்குறுதிகளுக்கும் பெரிய ஏமாற்றங்களுக்கும் இடம் கொடுத்தது.

அந்தக் கேமராவுக்குள் இருந்த சிப்பின் பெயர் ஐக்யூ3. பிறந்த ஊர் ஜெருசலேம். எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்னோன் ஷஷுவாவும் ஸிவ் அவிராமும் 1999-ல் தொடங்கிய மொபைல்ஐ நிறுவனத்தின் தயாரிப்பு. ஒரே ஒரு கேமராவை வைத்துக்கொண்டு முன்னே போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட முடியும் என்பது ஷஷுவாவின் பிடிவாதம். அந்தப் பிடிவாதம்தான் இந்தத் தொழில்நுட்பத்தைச் சாதாரணக் கார்களின் விலைக்குள் கொண்டுவந்தது என்பேன். ஐக்யூ3 எடுத்துக்கொண்ட மின்சாரம் இரண்டரை வாட், அதாவது ஒரு சின்ன எல்.இ.டி. பல்புக்கு வேண்டிய அளவு. செய்த வேலை வினாடிக்கு 25,600 கோடி கணக்குகள்.

ஆனால் அந்தச் சிப் படத்தை யாருக்கும் காட்டாது, முடிவை மட்டுமே சொல்லும். 'இதோ தடக்கோடு, இதோ முன்னே ஒரு வண்டி, இத்தனை மீட்டரில்.' டெஸ்லாவின் மென்பொருள் அந்தப் பட்டியலை வாங்கி, ரேடார் சொன்னதோடு ஒத்துப்பார்த்து, பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கட்டளை அனுப்பியது. சிப்புக்கு எதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்களோ, அது மட்டுமே பட்டியலில் வரும்.

அந்த எல்லை எவ்வளவு கொடியது என்பது 2016 மே 7 அன்று ஃபுளோரிடாவின் வில்லிஸ்டன் அருகே தெரிந்தது. ஒரு டிரெய்லர் லாரி நெடுஞ்சாலையின் குறுக்கே திரும்பியது. மணிக்கு சுமார் 119 கி.மீ. வேகத்தில் வந்த மாடல் எஸ் பிரேக் போடாமலே அதன் அடியில் புகுந்தது, ஓட்டுநர் இறந்தார். வெளிச்சமான வானத்தின் பின்னணியில் டிரெய்லரின் வெள்ளைப் பக்கத்தைக் காரும் கவனிக்கவில்லை, ஓட்டுநரும் கவனிக்கவில்லை என்றது டெஸ்லா. முன்னே போகும் வண்டியின் பின்புறத்தில் மோதாமல் தடுக்கவே தன் தொழில்நுட்பம் உருவானது, குறுக்கே வரும் வண்டிக்கு அல்ல என்றது மொபைல்ஐ. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்ன ஒரு தகவல் என்னை இன்றும் உலுக்குகிறது: அந்தப் பயணத்தில் ஆட்டோபைலட் என்ற இந்தத் தானியங்கி வசதி 37 நிமிடம் இயங்கியிருக்கிறது, அதில் ஓட்டுநரின் கை ஸ்டீயரிங்கில் இருந்ததாகப் பதிவானது வெறும் 25 வினாடி. லாரி ஓட்டுநர் வழிவிடாததையும், கார் ஓட்டுநர் தானியங்கியை அளவுக்கு மீறி நம்பியதையும் வாரியம் காரணங்களாகக் காட்டியது. ஓட்டுநர் கவனமாக இல்லாதபோதும் நீண்ட நேரம் இயங்க இடம்கொடுத்த வடிவமைப்பையும் அது விடவில்லை.

அந்த ஆண்டே இரு நிறுவனங்களும் பிரிந்தன. மொபைல்ஐயை 2017-ல் இன்டெல் 1,530 கோடி டாலருக்கு வாங்கியது. டெஸ்லா கார்களில் மூளை கண்ணாடியோரத்திலிருந்து இறங்கி, டாஷ்போர்டில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் குடிபோனது. 2016 அக்டோபர் முதல் அங்கே இருந்தது என்விடியாவின் கணினி. எட்டு கேமராக்களின் படங்களும் நேராக அதற்கு வந்தன. இப்போது பார்ப்பது, புரிந்துகொள்வது எல்லாமே டெஸ்லாவின் பொறுப்பு. விளைவு? புதிய கார்கள் தொடக்கத்தில் பழைய கார்களைவிடக் குறைவாகவே தெரிந்துவைத்திருந்தன. தானியங்கி அவசர பிரேக் கூட இல்லாமல்தான் அவை வெளியே வந்தன. மாதங்கள் கழித்தே அது சேர்ந்தது.

இதற்கிடையே ஆப்பிளின் சிப்களில் வேலை பார்த்த பீட் பேனன் தலைமையில் டெஸ்லா சொந்தச் சிப்பை வடிவமைத்தது. டெக்சாஸின் ஆஸ்டினில் சாம்சங் அதை உற்பத்தி செய்தது. 2019 ஏப்ரலில் அதைப் பொதுவெளியில் விளக்கினார்கள். 260 சதுர மில்லிமீட்டரில் 600 கோடி டிரான்சிஸ்டர்கள். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு நரம்பு வலையமைப்பு படத்தைப் 'புரிந்துகொள்வது' என்பது, அடிப்படையில், எண்களைப் பெருக்கிப் பெருக்கிக் கூட்டுவதுதான். இந்தச் சிப்பில் 96 வரிசை, வரிசைக்கு 96 என 9,216 பெருக்கல் அலகுகள் ஒரு கட்டமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் வினாடிக்கு 200 கோடி முறை பெருக்கிக் கூட்டும். பெருக்கலையும் கூட்டலையும் தனித்தனிக் கணக்காக எண்ணினால், ஒரு கட்டத்துக்கு வினாடிக்கு ஏறத்தாழ 37 லட்சம் கோடி கணக்குகள். ஒரு சிப்பில் இப்படி இரண்டு கட்டங்கள். ஒரே பலகையில் இரண்டு சிப்கள், தனித்தனி மின் இணைப்போடு. இரண்டும் ஒரே காட்சியைத் தனித்தனியே கணக்கிட்டு, விடையை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று செத்தாலும் மற்றொன்று காரை ஓட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

இவ்வளவு வேகம் எதற்கு? கேமரா வினாடிக்கு 36 படம் எடுக்கிறது. வில்லிஸ்டன் காரின் வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கார் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடிவிடும். கணக்கு பத்துப் படம் தாமதித்தால் ஒன்பது மீட்டர் போய்விட்டது. இந்தப் பொறியியலை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

பாராட்ட முடியாதது அதைச் சுற்றிக் கட்டிய பேச்சு. முழுத் தானியங்கி ஓட்டத்துக்கு வேண்டிய வன்பொருள் இப்போது தயாராகும் தங்கள் எல்லாக் கார்களிலும் இருக்கிறது என்று 2016 அக்டோபரிலேயே நிறுவனம் அறிவித்தது. அதை நம்பிப் பலர் முன்பணமாகவே காசு கட்டினார்கள். 2021-ல் ரேடாரையும் 2022-ல் அல்ட்ராசோனிக் சென்சார்களையும் எடுக்கத் தொடங்கினார்கள். 2023-ல் நான்காம் தலைமுறைக் கணினி வந்தது. 2025 ஜனவரியில், முழுத் தானியங்கி மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கார்களில் 2019-ன் அந்தச் சிப்கள் கொண்ட மூன்றாம் தலைமுறைக் கணினியை மாற்றவேண்டி வரும் என்று டெஸ்லாவின் ஈலோன் மஸ்க்கே ஒப்புக்கொண்டார். மென்பொருளை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றலாம். சிலிக்கானில் இல்லாத பெருக்கல் அலகை எந்த அப்டேட்டும் கொண்டுவராது.

ஓட்டுநரின் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதாது என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆணையம் சொன்னதன்பேரில், 2023 டிசம்பரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதற்கான தீர்வும் மென்பொருள்தான்: எச்சரிக்கைகளைக் கூட்டினார்கள். வில்லிஸ்டனுக்கு ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு!

இந்தியாவிலும் இப்போது ஏடாஸ் என்ற பெயரில் இந்த வகை ஓட்டுநர் உதவி வசதி நடுத்தர விலைக் கார்களுக்கே வந்துவிட்டது. நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கிரெட்டாவிலும் இருக்கிறது. இவை எல்லாமே அதிகபட்சம் இரண்டாம் நிலை உதவிகள்: ஓட்டுவது நீங்கள்தான், சட்டப்படியும் உண்மையிலும். ஷோரூமில் 'நாளைக்கு அப்டேட் வரும்' என்று சொன்னால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். குறுக்கே வரும் வண்டிக்கு பிரேக் போடுமா, மாட்டுக்குப் போடுமா, ராத்திரியில் போடுமா, கோடு அழிந்த சாலையில் என்ன செய்யும் என்று இன்றைய நிலையைக் கேளுங்கள். கையேட்டில் 'இந்தச் சூழ்நிலைகளில் இயங்காமல் போகலாம்' என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். வண்டியை எடுக்கும் முன் அந்தப் பக்கங்களை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.