குடியுரிமை என்ன குலுக்கல் பரிசா?

போன சீசன்ல ஐந்தருவியில குளிச்சிட்டு வரும்போது சாரல் பலமா பிடிச்சுக்கிச்சு. குத்தாலத்துல ஒரு டீக்கடையில ஒதுங்கினோம். அங்க டிவியில, பாட்டுப்போட்டியில தோத்த ஒரு பொண்ணு அழுதுட்டிருந்துச்சு. கூட வந்த நண்பர், "அமெரிக்காவுல சிட்டிசன்ஷிப்புக்கே இப்படி ஒரு போட்டி வைக்கணும்னாங்களே, தெரியுமாவே?"ன்னார். மனுஷன் வழக்கம்போல கதை விடுறார்னு நினைச்சேன்.

தேடிப் பார்த்தா நிசம்தான். குடியேறிகளைப் போட்டியில இறக்கி, ஜெயிக்கிறவருக்குக் குடியுரிமை கொடுக்கலாம்னு ஒரு தயாரிப்பாளர் அங்குள்ள உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு யோசனை எழுதியிருக்கார். பரிசீலனையில இருக்குன்னு 2025 மே மாசம் துறையோட பேச்சாளரே சொன்னார். அமைச்சரோ எனக்குத் தெரியவே தெரியாதுன்னுட்டார். இதுக்கு முன்னாடியும் உண்டு. 2004-ல லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பானிய டிவி ஒண்ணுல புழுவெல்லாம் தின்ன வச்சாங்க. ஜெயிச்சா கிரீன் கார்டு கூட இல்லை, ஒரு வருஷம் வக்கீல் உதவி. அவ்வளவுதான்!

எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா கேமரா இல்லாமலே இந்த ஆட்டத்தை நம்ம சனங்களை வச்சு ஆடியிருக்காங்க.

இலங்கை சுதந்திரம் வாங்கின அதே வருஷம், 1948-ல, 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்துச்சு. அப்பா இங்க பிறந்ததுக்கு ஆதாரம் கொடு, இல்லைன்னா தாத்தாவும் பூட்டனும் பிறந்ததுக்குக் கொடு. லயத்துல பிறந்த பிள்ளைக்கு எவன் சர்டிபிகேட் எழுதி வச்சான்? தலைமுறை தலைமுறையா கொழுந்து பறிச்ச மலையகத் தமிழர் ஒரே சட்டத்துல நாடற்றவங்க ஆனாங்க. 1949-ல இன்னொரு சட்டம் போட்டு, விண்ணப்பம் பண்ணுங்கன்னாங்க. 8 லட்சத்துக்கு மேற்பட்டவங்களுக்காக மனு போச்சு. கிடைச்சது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. இதைவிடக் கொடூரமான எலிமினேஷன் ரவுண்டு உண்டா சொல்லுங்க?

அடுத்து 1964 அக்டோபர் 30, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பாகம் பிரிச்சாங்க. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்னு ஓரமா வச்சு, 1974-ல ஆளுக்குப் பாதி. சொத்துத் தகராறுல கூட எங்க ஊர்ல ரெண்டு பங்காளியையும் கூப்பிட்டு உட்கார வச்சுக் கேப்பாங்க.

அட்டன் பக்கமிருந்து தலைமன்னாருக்குச் சனங்களை ஏத்திட்டுப் போன ரயிலுக்கு மலையகத்துல ஒரு பேரு இருக்கு: அழுகைக் கோச்சி. அண்ணன் இங்க, தங்கச்சி அங்க. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு கூடலூர், கோத்தகிரின்னு மறுபடியும் தேயிலைக்காடுதான். இலங்கையில மிச்சம் இருந்தவங்களுக்குக் கணக்கு முடிஞ்சது 2003-ல வந்த சட்டத்துலதான். 55 வருஷம்!

நிற்க. இந்தியாவுல முடிஞ்சுதான்னா, இல்லை. 1983 கலவரத்துக்கு அப்புறம் அகதியா வந்தவங்கள்ல ஆயிரக்கணக்கான மலையகத்தாரும் உண்டு. திருச்சி பக்கத்து முகாம்கள்ல இருக்கிற அப்படிப்பட்டவங்களோட குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கணும்னு 2019 ஜூன்ல மதுரைக் கிளை தீர்ப்புச் சொல்லிச்சு. அதே வருஷ டிசம்பர்ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணும் இருக்கு. இலங்கை இல்லை.

நம்ம கடையநல்லூர் பக்கம் போகநல்லூர்லயும் முகாம் இருக்கு. 2021-ல பேரை 'மறுவாழ்வு முகாம்'னு மாத்தினாங்க, நல்லதுதான். பொங்கலுக்கு எங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த தம்பி முகாம்ல பிறந்தவர். தாத்தா அட்டன் தோட்டத்துக்காரராம். அவர்கிட்ட இந்த டிவி சமாச்சாரத்தைச் சொன்னேன். பிரஷ்ஷை டப்பாவுல வச்சுட்டு, "அதுல கலந்துக்க என்ன பேப்பர் கேப்பாங்க அண்ணாச்சி?"ன்னு கேட்டார்.

கிண்டலா கேட்கலை. நிசமாவே கேட்டார்.