சக்கரத்தின் குடம்

சக்கரத்தைப் பார்க்கின்றவர்கள் அதன் வட்டத்தையே பார்க்கின்றனர். நடுவிலுள்ள குடத்தை நோக்குவோர் சிலரே. ஆரக்கால்கள் வந்து பொருந்துவதும், அச்சு நுழைவதும் குடத்தில்தான். வண்டியின் பாரம் அச்சிலிருந்து குடத்திற்கும், குடத்திலிருந்து நிலத்திற்கும் இறங்குகிறது. சுழலாத அச்சும் சுழலும் சக்கரமும் ஒன்றையொன்று உராயும் இடம் அது. ஆகவே, கண்ணுக்குத் தெரியாமல் இரவும் பகலும் தேய்கின்ற உறுப்பும் அதுவே. அத்தேய்மானத்தை மனிதன் எவ்வாறு அறிந்தான், எவ்வாறு அதற்கு ஈடு செய்தான் என்பதே இன்று நாம் காணப்போகும் வரலாறு.

நான் ஆசிரியப்பணி ஆற்றிய மீஞ்சூருக்குக் கிழக்கே எண்ணூர்க் கழி உள்ளது. அதனை அடுத்த அத்திப்பட்டு, வல்லூர்ப் பகுதிகளில் முன்னாளில் உப்பளங்கள் விளங்கின. உப்பு விளைந்தால் மட்டும் போதுமா? ஊர் ஊராகச் செல்ல வண்டி வேண்டும். தமிழகத்தில் உப்பும் வண்டியும் சங்க காலந்தொட்டே பிரியாதவை. உப்பு வணிகர்களாகிய உமணர்களின் வண்டியைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் காட்டுகின்றார். மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்று எண்ணிய உமணர்கள், வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டிக்கொண்டு சென்றனர். ‘சேம அச்சு’ என்பது அதன் பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்த புலவர், இடையூறு நேர்ந்தபோது உதவும் அந்தச் சேம அச்சையே அவனுக்கு உவமையாக்கினார். உறுப்பு ஒருநாள் கெடும் என்று முன்னரே எண்ணி, மாற்று உறுப்பை உடன் கொண்டு செல்லும் அறிவு நம் நாட்டில் எத்துணைப் பழமையானது என்பதை இதனால் அறிகிறோம்.

அண்மைக்காலம் வரை நம் சிற்றூர்களில் ஓடிய கட்டை வண்டியிலும் இவ்வறிவு விளங்கிற்று. கருவேலம் போன்ற வலிய மரத்தைக் கடைந்து குடம் செய்தனர். மரத்தை இரும்பு அச்சு தின்றுவிடாதபடி, குடத்தின் துளையில் இரும்பு வளையத்தைப் பொருத்தினர். வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையை அச்சில் தடவினர். வளையம் தேய்ந்தால் சக்கரம் இருபுறமும் ஆடும். வண்டியும் ‘லொடக் லொடக்’ என்று ஒலிக்கும். அவ்வொலியைக் கேட்ட வண்டிக்காரர் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை உருவுவார். கொல்லர் புதிய வளையத்தை ஏற்றுவார். விலை மிகுந்த குடம் நிலைக்க, விலை குறைந்த வளையம் தேய்ந்தது. இதில் ஒரு சிறந்த தத்துவம் அடங்கியுள்ளது. தேய்வைத் தடுக்க இயலாதபோது, எது தேயவேண்டும் என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

மேல்நாட்டில் இச்சிக்கலுக்கு வேறொரு வழி கண்டனர். ஒரு பொருளின்மேல் மற்றொன்று வழுக்குவதைவிட உருள்வது எளிதன்றோ? வேல்சு நாட்டுக் கார்மார்தனைச் சேர்ந்த பிலிப் வான் என்னும் இரும்புத் தொழிலதிபர், வண்டியின் அச்சுக்கும் குடத்துக்கும் இடையே குண்டுகளை உருளச் செய்யும் அமைப்புக்கு 1794இல் காப்புரிமை பெற்றார். 1869இல் பாரிசிலிருந்து ரூவான் வரை நடைபெற்ற மிதிவண்டிப் பந்தயத்தில், குண்டுகள் பொருத்திய வண்டியில் சென்ற ஜேம்சு மூர் வெற்றி பெற்றார். எனினும் எல்லாக் குண்டுகளும் ஒரே அளவினவாக இராவிட்டால், பெரிய குண்டின்மேல் பாரம் முழுவதும் ஏறி அதனை உடைத்துவிடும். செருமனியின் சுவைன்பர்ட்டு நகரில் பிரீடிரிக் பிசர் 1883இல் அமைத்த எந்திரம், எஃகுக் குண்டுகளை ஒரே அளவாக அரைத்துத் தந்து இக்குறையை நீக்கியது. வண்டி திரும்பும்போது சக்கரத்தின்மேல் பக்கவாட்டிலும் விசை தாக்கும். அதனையும் தாங்கும் கூம்பு உருளைகளுக்கு, அமெரிக்க வண்டித் தொழிலர் என்றி டிம்கன் 1898இல் காப்புரிமை பெற்றார்.

இக்குண்டுகளும் உருளைகளும் நம் பக்கத்திலும் பெருகின. எண்ணூரில் அசோக் மோட்டார்சு நிறுவனமும், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்சு நிறுவனமும் 1940களின் இறுதியில் தோன்றிய தொழிற்சாலைகள். உழவருடைய வண்டி நின்ற திண்ணையோரத்தில் ஆசிரியருடைய மிதிவண்டியும் நிற்கலாயிற்று.

அத்தகைய மிதிவண்டியில் நானும் 1984ஆம் ஆண்டில் பொன்னேரிச் சாலையில் பள்ளிக்குச் சென்றுவந்தேன். முன் சக்கரத்தில் மணலை அரைப்பதுபோல் ஓர் ஒலி எழுந்தது. மூன்று வாரம் அதன்மேல் எண்ணெய் விட்டு, கடமை முடிந்ததென்று இருந்தேன். ஒருநாள் விடைத்தாள் கட்டுடன் செல்கையில் சக்கரம் இறுகி நின்றது. கட்டு சேற்றில் விழுந்தது. மிதிவண்டிக் கடைக்காரருடைய மகனாகிய எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஓடிவந்தான். முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றினான். பிறகு அதனைப் பற்றி இருபக்கமும் அசைத்தான். “இது முன்னமே சத்தம் கொடுத்திருக்குமே, ஐயா” என்றான். திறந்து பார்த்தபோது இரண்டு குண்டுகள் உடைந்திருந்தன, கோன் வெடித்திருந்தது, குடத்தின் உட்புறம் குழிவிழுந்திருந்தது. முதல் வாரத்திலேயே திறந்திருந்தால் குண்டுகளையும் கோனையும் மாற்றியே முடித்திருக்கலாம். அன்றோ, கம்பிகள் அனைத்தையும் அவிழ்த்துக் குடத்தையே மாற்ற நேர்ந்தது. வகுப்பில் உராய்வு விசையைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். அதனைக் கையால் அறிந்திருந்தவன் அம்மாணவன்.

இன்றைய கார்களில் குண்டுகளும் மசகும் குடமும் ஒன்றாக மூடப்பட்டுள்ளன. கிண்ணத்தைத் திறந்து குண்டு மாற்ற வழியில்லை. ஆயினும் நோயறியும் முறை மாறவில்லை. வேகம் கூடக்கூட ஓர் இரைச்சல் கூடுகிறதா, வலப்புறம் திரும்புகையில் மிகுகிறதா என்று கவனிக்க வேண்டும். வலப்புறம் திரும்புகையில் பாரம் இடச்சக்கரத்தின்மேல் ஏறுகிறது; அப்போது இரைச்சல் மிகுந்தால் இடப்பக்கக் குடத்தையே ஐயுற வேண்டும். பின்னர், சமதரையில் கைத்தடையை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் கீழே செல்லலாகாது. சக்கரத்தின் மேலும் கீழும் பற்றி அசைத்தால் ஆட்டம் தெரியும். அப்போது வேறொருவர் பிரேக்கை மிதிக்க, அவ்வாட்டம் நின்றுவிட்டால் குற்றம் குடத்தில் உள்ளது. நில்லாவிடில் வேறு மூட்டுகளில் தேட வேண்டும்.

மாற்றும் வேலை வண்டிக்கு வண்டி வேறுபடும. சிலவற்றில் மூடிய குடத்தை மரைகளைக் கழற்றி வீட்டிலேயே மாற்றிவிடலாம். சிலவற்றில் பேரிங்கை அழுத்து எந்திரத்தால் ஏற்றவேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் குண்டுகள் உருளும் பாதையில் வடு விழுந்து, புதியதும் விரைவில் இரையத் தொடங்கும். நடு மரையைச் சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே தளர்த்துவதும், இறுதியில் வண்டி செய்தோர் குறித்த அளவுக்கே முறுக்குவதும் இன்றியமையாதன.

மாணவ நண்பர்களே! உமணரின் சேம அச்சிலிருந்து இன்றைய மூடிய குடம் வரை வந்துவிட்டோம். சக்கரம் முன்னைவிட எளிதாகச் சுழல்கிறது, நெடுநாள் உழைக்கிறது. ஆனால் அதன் உள்ளே நிகழ்வது நம் கண்ணுக்கு மறைந்துவிட்டது. மறைந்துவிட்டதால் தேய்வு நின்றுவிடவில்லை. மீஞ்சூர்ச் சாலையில் துறைமுகம் நோக்கிச் செல்லும் பெரிய சரக்கு வண்டியானாலும், உங்கள் வீட்டு வாயிலில் நிற்கும் மிதிவண்டியானாலும், குடம் கெடுவதற்கு முன்னர்ப் பெரும்பாலும் ஒலி கொடுக்கிறது. அடுத்த விடுமுறை நாளில் உங்கள் மிதிவண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். காதைச் சற்றே அருகில் வைத்துக் கேளுங்கள். இருபக்கமும் அசைத்துப் பாருங்கள். அன்று அம்மாணவன் எனக்குக் கற்பித்த பாடம் அதுவே.